போர்ன்ஹோல்முக்கு வெளிக்கிட முதல்

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். டிசம்பர் முதல் கிழமை சின்னவளைக் கூட்டிக்கொண்டு போர்ன்ஹோல்ம் தீவுக்குப் போறாய் எண்டு அம்மா சொன்னா. இரண்டு பேருக்குத்தான் பதிஞ்சதெண்டும் சொன்னா. காருக்கு எடுக்கிற கப்பல் டிக்கெட்டில உள்ளுக்கு இருக்கிற ஆக்களும் அடக்கம், இன்னொராள் வந்தாலும் காசு ஏறாது. பேரை மட்டும் முதலே குடுக்க வேணும்.

விரைவுக் கப்பலெண்டால் டென்மார்க்கில இருந்து பாலத்தால சுவீடனுக்குள்ள போய்த்தான் ஈஸ்டாட் துறைமுகத்துக்குப் போக வேணும், எல்லையில மறிச்சுப் பார்க்கக்கூடும். மூண்டு பேற்ற பாஸ்போட்டும் கையில இருக்கட்டும். டிசம்பர் 1 இலிருந்து றோட்டில பனியோ ஐஸோ இருந்தால் சுவீடனில குளிர்கால ரயர் கட்டாயம், டென்மார்க் காருக்கும் அதே சட்டம்தான். தவாளிப்பு 3 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது.

ஈஸ்டாட்டில இருந்து தீவின்ர துறைமுகம் ரொன்ன வரைக்கும் விரைவுக் கப்பல் 1 மணி 20 நிமிசம். அது பாரம் குறைஞ்ச கப்பல், அலை எழும்பினால் ஓட்டத்தை நிப்பாட்டிப் போடுவாங்கள். அதால ஞாயிறு பின்னேரக் கப்பலில வந்து திங்கள் வேலைக்குப் போகலாம் எண்டு கணக்குப் போடாதை, ஒரு நாள் கையில வை. சுவீடனுக்குப் போகாமல் டென்மார்க்கின்ர கோயவில இருந்து நேர இரவில போற பெரிய கப்பல் ஐந்தரை மணித்தியாலம் எடுக்கும், ஆனால் அறை எடுத்தால் பிள்ளை நித்திரையிலயே போய்ச் சேர்ந்திடும். சின்னவளுக்குக் கார் வளைஞ்சாலே பிரட்டும், உனக்குத் தெரியும். கப்பலின்ர நடுப்பக்கமாய், கீழ்த் தட்டில இருங்கோ. வெறும் வயித்தோட ஏத்தாதை, போனைக் குடுக்காதை, தூரத்துக் கடலைப் பார்க்கச் சொல்லு. கார்த் தட்டில இருக்க விடமாட்டாங்கள். பிள்ளையை ஒராள் பிடிக்க, பையை மற்றாள் தூக்க வேணும்.

சீசன் இல்லாத நேரம் பார்த்து மலிவாய் வீடு எடுத்திருக்கிறாய். காசு விசயத்தில நீ எப்பவும் கெட்டிக்காரன். ஆனால் கரண்டுக் காசு பெரும்பாலும் வாடகைக்கு வெளியில, மீற்றர் பார்த்துத்தான் எடுப்பாங்கள். திறப்பு வாங்கின உடன மீற்றரைப் படம் எடுத்து வை. ஆள் இல்லாமல் கிடந்த வீடு, சுவர் சூடாகப் பல மணித்தியாலம் செல்லும், முதல் நாள் குளிப்பாட்டப் பார்க்காதை. விறகடுப்புக்குப் பெரிய விறகு கீழ, சுள்ளி மேல, நெருப்பு மேலயிருந்து பத்த வேணும், அப்பத்தான் புகை குறையும். காத்துத் துவாரத்தை அவசரப்பட்டு மூடாதை. படுக்கை விரிப்பு, துவாய், பாத்திரம் துடைக்கிற துணி வீட்டில இருக்கும் எண்டு நம்பாதை. அடுப்படியில ஒராள் நிக்கேக்க பிள்ளையோட இன்னொராள் இருக்க வேணும்.

வெளிச்சம் ஏழரை மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான், பின்னேரம் நாலு மணிக்கு முன்னமே இருண்டிடும். காலமை வெளிக்கிடு. ஹமர்ஸ்ஹூஸ் கோட்டை இடிபாடு வருசம் முழுக்கத் திறந்து கிடக்கும், காசில்லை. ஆனால் கடலுக்கு மேல 70 மீற்றர் உயரப் பாறை, காத்துத் தள்ளும், கையை விடாதை. காத்துக் கூடின நாளில ஆல்மிண்டிங்கன் காட்டுக்குப் போ. எக்கோ பள்ளத்தாக்கில கத்தினால் பாறை திருப்பிச் சொல்லும், சின்னவளுக்குச் சந்தோசமாய் இருக்கும். டுயோட்டக் கடற்கரையில மணல் மா மாதிரி, முந்தி மணற்கடிகாரத்துக்கு எடுத்தது. வட்டமாய்க் கட்டின பழைய தேவாலயங்கள் நாலில ஓஸ்டர்லாஸ் பெரிசு. குத்யெம், ஸ்வானிக்க பக்கம் மீன் புகையூட்டுற இடங்கள் பல பூட்டியிருக்கும், போன் பண்ணிக் கேட்டுட்டுப் போ. சாமானை ரொன்னவில வாங்கிக்கொண்டு போ. மாலை படுகிற நேரம் மான் குறுக்கால பாயும். இருட்டில நீ தனிய ஓடாதை. பக்கத்தில முழிச்சிருந்து றோட்டைப் பார்க்க ஒராள் வேணும்.

தீபாவளிக்குப் பிறகு நீ எங்களோட கதைக்கேல்லை. வேலை எண்டு சொல்லுவாய். அம்மா போனைப் பக்கத்தில வைச்சுக்கொண்டுதான் படுக்கிறா. நான் எடுத்தால் மருமகளும் எடுக்கிறா இல்லை, முந்தி அப்பிடிச் செய்யிற பிள்ளை இல்லை அவ. நான் ஒண்டும் கேக்கேல்லை.

அவ லீவு போடுறதெண்டால் இந்தக் கிழமையே கேக்க வேணும், நத்தார் நெருங்கினால் குடுக்கமாட்டாங்கள். நீயே கேள். பேர் குடுக்கிற வேலையைக் கடைசி நாள் வரைக்கும் வைக்காதை.

அன்புடன்,
அப்பா