உடம்பு இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் பற்றி நான்கு பக்கத்துக்கு ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "குவார்ட்டர்பேக்குக்குத்தான் மூளை வேண்டும், எதிரே நிற்கும் தடுப்பு வரிசைக்காரர்களுக்கு உடம்பு இருந்தால் போதும்." (குவார்ட்டர்பேக் என்றால் அணியின் ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிகிறவர்.) இந்த வரிக்கு நேர் கீழேயே ஆலன் பேஜின் படம். "பின்னாளில் நீதிபதியாகவும் இருந்தவர்" என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான்.

மினசோட்டா மாநிலத்து மினியாபோலிஸில் பல வருடமாகக் குடியிருக்கிறவள் என்ற முறையில் எனக்கு இது மனதில் தைத்துவிட்டது. கட்டுரையாளர் இந்தப் பக்கம் ஒருமுறை வந்து யாரிடமாவது விசாரித்திருந்தால், அந்தப் படத்துக்கு மேலே அந்த வரியை எழுதக் கை வந்திருக்காது.

ஆலன் பேஜ் யார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1945இல் ஒஹாயோ மாநிலத்து கான்டனில் பிறந்தவர். அந்த ஊரில்தான் அமெரிக்கக் கால்பந்தின் புகழ் மண்டபம் இருக்கிறது. அதைக் கட்டும்போது அங்கே வேலை செய்த ஆட்களில் இளைஞராக இருந்த பேஜும் ஒருவர். 1988இல் அதே மண்டபம் அவரைத் தன் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் ஆடி, 1967இல் மினசோட்டா வைகிங்ஸ் அணிக்கு வந்தார். கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன், இவர் என்று நால்வரும் நின்ற தடுப்பு வரிசையைத் தாண்டிப் புள்ளி எடுப்பது அன்றைக்குப் பெரும்பாடு. 1969 பருவத்தில் 14 ஆட்டங்களில் எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது 133 புள்ளி. ஆட்டத்துக்குப் பத்துகூடத் தேறவில்லை. 1971இல் என்.எஃப்.எல். என்ற தேசியக் கால்பந்து லீகின் மிகச்சிறந்த வீரர் விருது பேஜுக்குக் கிடைத்தது. தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை. அவருக்குப் பின் அதை வாங்கிய தடுப்பாட்டக்காரர் 1986இல் லாரன்ஸ் டெய்லர் ஒருவர்தான். மற்ற வருடங்களில் அநேகமாகப் பந்து எறிகிறவர்களும் ஏந்தி ஓடுகிறவர்களும்தான் வாங்கினார்கள். அப்படிப்பட்ட விருதைச் சும்மா உடம்பை வைத்துக்கொண்டு ஒருவர் வாங்கிவிட முடியுமா?

என் மகன் பள்ளி அணியில் டிஃபென்சிவ் டேக்கிள், அதாவது தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவன். பேஜ் ஆடிய அதே இடம். ஆட்டத்துக்கு முந்தைய இரவெல்லாம் எதிரணியின் பழைய ஆட்டங்களை மடிக்கணினியில் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். எதிரே குனிந்து தரையில் கை ஊன்றியிருந்த பையனின் விரல் நுனி வெளுத்திருந்தது. "எடையெல்லாம் முன்னாடி போட்டிருக்கான் பாரும்மா, இது ஓட்டந்தான். கை லேசா இருந்தா பந்தை எறியப் போறாங்க." பந்து கிளம்புவதற்கு முன் இருக்கும் அந்த ஓரிரு நொடிக்குள் இதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இதற்கு மூளை வேண்டாம் என்கிறீர்கள். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவன் முகத்தைப் பார்த்தே கேட்டார், "படிப்பு வரலியா தம்பி?" என்று. அவன் பதில் சொல்லாமல் எழுந்து போனான். அன்றைக்கு எனக்கு வந்த அதே கோபம்தான் உங்கள் இதழைப் படித்ததும் வந்தது.

இது முதல் தடவையாக இருந்தால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். முன்பொரு சூப்பர் பௌல் சமயத்தில் இடைவேளைப் பாட்டும் விளம்பரக் கட்டணமும் மட்டுமே உங்களுக்குச் செய்தியாகத் தெரிந்தன. அப்புறம் பணத்தைத் தொலைத்துவிட்டுத் தெருவுக்கு வந்த விளையாட்டு வீரர்களைப் பற்றி ஒரு தொடர். அதற்கு நான் எழுதிய நீண்ட பதிலை வெட்டி, அட்டைப்படம் நன்றாக இருந்தது என்ற ஒரு வரியை மட்டும் போட்டீர்கள். இந்தக் கட்டுரையிலும் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தும் 'சாக்' கணக்குக்கு ஒரு பட்டியல் தந்திருக்கிறீர்கள். அதில் பேஜ் பெயரே இல்லை. எப்படி இருக்கும்? லீக் அந்தக் கணக்கை அதிகாரபூர்வமாக எழுதத் தொடங்கியதே 1982இல். பேஜ் 1981இலேயே ஆடி முடித்துவிட்டார். இதைச் சொல்லாமல் 'எல்லாக் காலத்துக்கும்' என்று தலைப்புப் போடலாமா?

அவர் படித்த கதையை நீங்கள் எழுதியிருக்க வேண்டும். ஆடிக்கொண்டிருந்தபோதே மினசோட்டா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் சேர்ந்து 1978இல் பட்டம் வாங்கினார். சிகரெட்டை விட முயன்ற மனைவி ஓடத் தொடங்க, அவரோடு இவரும் ஓடினார். எடை குறைந்தது. தன் பதினைந்து வருட ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாத மனிதரை, உடம்பு போதவில்லை என்று அதே 1978இல் வைகிங்ஸ் விட்டுவிட்டது. நூறு டாலர் கட்டி சிகாகோ பேர்ஸ் எடுத்துக்கொண்டது. அங்கே போய் மேலும் மூன்று பருவத்துக்கு மேல் ஆடினார். ஆடிக்கொண்டிருக்கும்போதே மாரத்தானும் ஓடி முடித்தார்.

வைகிங்ஸ் நாட்களில் பயிற்சியாளர் ஒருமுறை வியூகப் புத்தகத்தை ஒவ்வொருவராக வாய்விட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறார். கூட ஆடிய சிலருக்கு வாசிக்கவே வரவில்லை. கல்லூரி வரை போய் வந்தவர்கள். புகழ் மண்டபத்தில் கிடைத்த மேடையில் பேஜ் பேசியது தன் ஆட்டத்தைப் பற்றி அல்ல, இதைப் பற்றி. உடம்பு இருந்தால் போதும் என்று நினைத்த பள்ளிகளும் கல்லூரிகளும்தான் அந்தப் பையன்களை எழுத்துக் கூட்டத் தெரியாமலே மேலே தள்ளிவிட்டன. உங்கள் கட்டுரையாளர் எழுதிய வரி அதே நினைப்பிலிருந்து வந்தது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அந்த 1988இலேயே பேஜும் மனைவி டயானும் கல்வி அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்கள். வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்கு அது உதவித்தொகை தருகிறது. வாங்குகிறவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. என் மகனுக்கு நூலகத்தில் உட்கார்த்தி வைத்துப் பின்னக் கணக்கு சொல்லித் தந்தது அப்படி ஒரு கல்லூரிப் பெண். கேக்கை வெட்டுவதுபோல் காகிதத்தை மடித்து மடித்து அவள் விளக்கியதை அவன் இன்றும் சொல்வான்.

'நீதிபதியாகவும்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுவும் சும்மா வந்த பதவியில்லை. இங்கே மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளைத் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 1992இல் ஆளுநர் ஏற்கெனவே இருந்த நீதிபதியின் காலத்தை நீட்டித்தபோது, பேஜ் வழக்குப் போட்டு வென்று, தேர்தலை நடத்தவைத்து, அதில் ஜெயித்துப் போனார். மினசோட்டா உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 2015இல் 70 வயதில் ஓய்வு பெறும் வரை இருந்தார். தக்கோட்டா பழங்குடியினரை அழித்தொழிக்கவேண்டும் என்று பேசிய பழைய ஆளுநர் ராம்சேயின் பெயரைத் தாங்கிய மினியாபோலிஸ் பள்ளி ஒன்றுக்கு, மாணவர்களே முயன்று 2017இல் ஜஸ்டிஸ் பேஜ் பெயரை வைக்கச் செய்தார்கள். அடுத்த வருடம் அதிபரின் சுதந்திரப் பதக்கம். அக்டோபர் மாரத்தான் அன்று வீட்டு வாசலில் நின்று, கழுத்தைச் சுற்றிய பெரிய பித்தளைக் குழலான சூசஃபோனை ஊதி ஓடுகிறவர்களை உற்சாகப்படுத்துவார். நானும் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் அவரை 'ஜஸ்டிஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

நீண்ட நாள் சந்தாதாரர் என்ற உரிமையில் கேட்கிறேன். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். படக்குறிப்பில் 1971 விருதும், 1993 முதல் 2015 வரை உச்ச நீதிமன்றத்தில் இருந்ததும் வரவேண்டும். சாக் பட்டியலின் தலைப்பில் '1982 முதல்' என்று சேர்த்துவிடுங்கள். இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தில் என் மகனைப் பற்றிய பகுதியை எடுத்துவிடலாம். பேஜைப் பற்றியதை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மினியாபோலிஸ்