வால் ஸ்ட்ரீட்டில் நடந்தது ஆக்கிரமிப்பா?

தமிழ் நாளிதழ்களின் செய்தி ஆசிரியர்களுக்கும் அகராதித் தொகுப்பாளர்களுக்கும்,

வணக்கம். பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்து 2011-இல் நியூயார்க்கின் நிதி மையமான வால் ஸ்ட்ரீட் பகுதியில் தொடங்கிய 'ஆக்குபை வால் ஸ்ட்ரீட்' இயக்கத்தின் பெயரை 'வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்பு' என்று எழுதுவதைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். நம் செய்தித்தாள் தமிழில் ஆக்கிரமிப்பு என்றால் ஏரிப் புறம்போக்கில் எழும்பிய கட்டடம். அடுத்த வரியில் பொக்லைன் வந்துவிடும். அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்தால், செய்தியைப் படிக்கும் முன்பே போராடியவர்கள் அடுத்தவர் நிலத்தை வளைத்துப் போட்டவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

2011 செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கின் சுக்கோட்டி பூங்காவில் கூடியவர்கள் அங்கேயே தங்கினார்கள். கூடாரம் அடித்தார்கள், சமைத்தார்கள், 5,000-க்கும் மேற்பட்ட புத்தகங்களோடு நூலகம் நடத்தினார்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லாததால், ஒருவர் பேசுவதைச் சுற்றி நின்றவர்கள் துண்டு துண்டாகத் திருப்பிச் சொல்லிக் கடைசி வரிசைவரை கொண்டுபோனார்கள். நவம்பர் 15 அதிகாலையில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் பாய், பாத்திரம், அடுப்போடு மக்கள் போய் உட்கார்ந்தால் நம் நிருபர்கள் என்ன எழுதுகிறார்கள்? 'குடியேறும் போராட்டம்'. பொருள் சொல்ல இதைவிடப் பொருத்தமான தொடர் வேண்டாம்.

'ஆக்குபை' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் படையெடுப்பு வாடை உண்டு என்பது உண்மைதான். பறிபோன மண்ணின் பூர்வகுடிகள் அதைச் சுட்டிக்காட்டியதால் அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரப் போராட்டக்காரர்கள் தங்கள் இயக்கத்தின் பெயரை 'அன்-ஆக்குபை' என்று மாற்றிக்கொண்டார்கள்.

பெயர் பரவியதற்கு அதன் அமைப்பே காரணம்: ஓர் ஏவல் வினை, பின்னால் ஓர் இடப்பெயர். இடத்தை மாற்றினால் புதுப் பெயர் தயார். ஆக்குபை ஓக்லண்ட், ஆக்குபை லண்டன் எல்லாம் அப்படி வந்தவை. அமெரிக்க வழக்குச் சொல் ஆய்வுக் கழகம் 2011-இன் சொல்லாக 'ஆக்குபை'யைத் தேர்ந்தெடுத்தது. 2012 அக்டோபரில் நியூயார்க் பகுதியைச் சாண்டி புயல் தாக்கியதும் நிவாரணத்துக்கு இறங்கியவர்கள் 'ஆக்குபை சாண்டி' ஆனார்கள். புயலில் போய் யாரும் குடியேற முடியாது. அங்கே வினையின் பொருள் உதிர்ந்து, 'அந்த இயக்கத்து ஆட்கள், அதே பாணி' என்பது மட்டும் மிஞ்சியது. ஹாங்காங்கில் 2014-இல் சென்ட்ரல் என்ற வணிகப் பகுதியின் பெயரில் 'ஆக்குபை சென்ட்ரல்' போராட்டத்தைத் திட்டமிட்டார்கள். முக்கிய முகாம் அமைந்ததோ பக்கத்துப் பகுதியான அட்மிரல்டியில். ஆகவே பெயரை வைத்து இடத்தை எழுதாதீர்கள்.

செய்தி மேசைக்கு: முதல் முறை ஒற்றை மேற்கோளில் 'ஆக்குபை', பக்கத்திலேயே ஒரு வரி விளக்கம். அதன்பின் பெயர் மட்டும் போதும். எழுத்துக்கூட்டலை ஒன்றாக வையுங்கள். ஆக்யுபை, ஒக்கியுபை என்று கலந்து எழுதினால் ஒன்றைத் தேடும்போது மற்றவை சிக்காது.

அகராதிக்கு: இயக்கத்தின் பெயர், பெயர் வார்க்கும் அச்சு ('ஆக்குபை'யும் ஓர் இடப்பெயரும்), பொதுச்சொல் என மூன்று தனிப் பதிவுச் சீட்டுகள். ஒவ்வொன்றுக்கும் தேதியோடு கூடிய மேற்கோள் வேண்டும். போராட்டத்துக்குச் சம்பந்தமில்லாத எழுத்தில் சொல் புழங்கிய சான்று கிடைக்கும்வரை மூன்றாவது சீட்டைக் காலியாகவே விடுங்கள். இங்கே அவசரப்பட்டால், ஒரு மாதத் தலைப்புச் சொல் நிரந்தரப் பதிவாகிவிடும்.

பழைய செய்திகளின் குறிச்சொற்களையும் திருத்துங்கள். இல்லாவிட்டால் இந்த இயக்கத்தைத் தேடும் மாணவர் நீர்நிலை ஆக்கிரமிப்பு அகற்றச் செய்திகளுக்கு நடுவில்தான் அதைத் துழாவ வேண்டியிருக்கும்.