மல்லிகாவுக்கு: முன் சக்கரத்து உரசல் சத்தம் பற்றி

குன்னூர்,
கார்த்திகை மாதம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைத்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு நீ தாண்டிக்குடித் தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. பறிப்பைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும், நீ உட்கார்ந்து கணக்கை எழுது.

இங்கே மழை விட்டபாடில்லை. வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளைத்தான் பிடித்துக்கொள்ளும், உனக்குத் தெரியாததா. மேட்டுப்பாளையம் சாலையில் அங்கங்கே மண் சரிகிறது, பொக்லைன் வந்து அள்ளிப் போடுகிறது, மறுநாள் பக்கத்திலேயே இன்னொரு இடம் சரிகிறது. ரயிலையும் சில நாள் நிறுத்திவிடுகிறார்கள்.

சரி, உன் காரின் முன் சக்கரத்து உரசல் விஷயத்துக்கு வருகிறேன். படித்ததிலிருந்து மனசு அதிலேயேதான் இருக்கிறது. சத்தத்தைப் போனில் பதிவு செய்து மெக்கானிக் கடைக்கு அனுப்பினாய், அதைக் கேட்டுவிட்டு பேரிங் (சக்கரம் வழுக்கிச் சுழல நடுவில் இருக்கிற வளையம்) போய்விட்டது, இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், டிஸ்க்கையும் (பிரேக் பிடிக்கிற, சக்கரத்தோடு சுற்றும் இரும்பு வட்டு) சேர்த்து மாற்றிவிடலாம் என்று சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறாய். சக்கரத்தைக் கழற்றாமல், வண்டியை ஒரு தரம் ஓட்டிக்கூடப் பார்க்காமல் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதே. கேட்க ஒரே மாதிரி இருக்கிற உரசலுக்கு ஆறேழு காரணம் உண்டு. அதில் சிலதுக்குச் செலவே கிடையாது, சிலதை விட்டுவைத்தால் மலையில் உயிருக்கே ஆபத்து. சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாமல், எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதைப் போனில் கேட்டவர் எப்படிச் சொல்ல முடியும்?

நீயே எழுதியிருப்பதில் பாதி விடை இருக்கிறது. தோட்டத்துக்குப் போகிற கடைசித் துண்டில் புதிதாக ஜல்லி கொட்டியிருக்கிறார்கள், அதில் போய் வந்த பிறகுதான் சத்தம் ஆரம்பித்தது, தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி விடாமல் கேட்கிறது, பிரேக்கை மிதித்தாலும் மாறவில்லை. இதைப் படித்த உடனே எனக்குக் கல் ஞாபகம்தான் வந்தது. டிஸ்க்குக்குப் பின்னால், வண்டியின் உள்பக்கமாக, மெல்லிய தகரத் தகடு ஒன்று இருக்கும். சேறும் தண்ணீரும் டிஸ்க்கில் அடிக்காமல் தடுக்க அதை வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. சின்ன ஜல்லி ஒன்று அதில் சிக்கினால் போதும், ஊரே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தும். கல் போன பிறகும் தகடு வளைந்து டிஸ்க்கில் உரசிக்கொண்டிருப்பதும் உண்டு.

முதலில் ஒன்று செய். களத்தில் சமதளமான இடத்தில் வண்டியை மெதுவாகப் பின்னோக்கி ஓட்டு, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடமும் வலமுமாகத் திருப்பு. எந்த வழியில் கல் போய்ச் சிக்கியதோ அதற்கு எதிர்த்திசையில் சக்கரம் சுற்றும்போது பல சமயம் தானாகவே விழுந்துவிடும். விழவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

கழற்றுவதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார். தோட்டத்து வீட்டு மதில் சுவரை ஒட்டி, இடப்பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, மெதுவாக ஓட்டு. சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது எந்தச் சக்கரம் என்று தெளிவாகத் தெரியும். பிறகு வலப்பக்கம் சுவர் இருக்கிற மாதிரி திரும்பி வா. அப்புறம், சத்தம் தொடர்ச்சியாக வருகிறதா, சர்க், சர்க் என்று விட்டு விட்டு வருகிறதா என்று கவனி. உன்னுடையது போன்ற சின்னக் காரின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் ஓடும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் நொடிக்குச் சுமார் 3 சுற்று. உரசலும் அந்தக் கணக்கில் வந்தால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்றில் கோளாறு. சமதளத்தில் நியூட்ரலில் உருளவிட்டும் சத்தம் அதே மாதிரி இருந்தால் எஞ்சினை மறந்துவிடலாம். இறக்கத்தில் மட்டும் நியூட்ரலைத் தொடாதே.

பேரிங் என்றால் அது இப்படி இருக்காது. வேகம் ஏற ஏற ஊங்காரம் மாதிரி ஒரு முழக்கம் கூடிக்கொண்டே போகும். இடது வளைவில் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரத்தின் மேல் சாயும். அப்போது முழக்கம் கூடினால் வலது பேரிங்கைச் சந்தேகப்படலாம், வலது வளைவில் கூடினால் இடது. ஜாக்கியில் தூக்கிய பிறகு சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து அசைத்துப் பார்த்தால் ஆட்டம் கையில் தெரியும். ஆக்சில் ஜாயின்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டின் மூட்டு என்றால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து முடுக்கும்போது டக் டக் என்று அடிக்கும், ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும். முழுசாக ஒடிக்கும்போது மட்டும் உரசினால் டயர் மட்கார்டின் உள்பக்கப் பிளாஸ்டிக்கில் படுகிறதா என்று பார், கிளிப் ஒன்று கழன்றிருக்கும், அவ்வளவுதான். காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் கரகரவென்று கேட்டு நின்றுவிடுவதை விட்டுவிடு. இரவுப் பனியில் டிஸ்க்கில் படிந்த துரு அது, டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பிரேக் பேடே தேய்த்து எடுத்துவிடும். இங்கே எங்கள் எல்லார் வண்டியிலும் அது தினமும் உண்டு.

இப்போது என் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன மாதம் மகளைப் பார்க்கக் கோவைக்கு இறங்கியபோது இடது முன் சக்கரத்தில் உரசல் கேட்டது. உன்னுடையதற்கு நேர்மாறு: பிரேக்கை மிதித்தால்தான் வரும், விட்டால் குறையும். பர்லியாறு தாண்டியதும் கருகல் வாசனை. ஓரமாக நிறுத்தி இரண்டு முன் ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் காட்டினேன், தொடவில்லை. வலது பக்கம் வெதுவெதுப்பு, இடது பக்கம் அனல். பிரேக் ஆறும்வரை காத்திருந்து, முதல் கியரிலேயே மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு கடையில் ரிம் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்து, பேடு இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது அம்மா, பேரிங்தான் போயிருக்கும் என்றார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ரிம் வழியாகத் தெரிவது வெளிப்பக்கத்துப் பேடு மட்டும்தான். டிஸ்க்கின் மறுபக்கத்தில் இன்னொரு பேடு இருக்கிறது, அது வெளியிலிருந்து கண்ணுக்குப் படாது. சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். வெளிப்பேடு நன்றாகவே இருந்தது. உள்பேடு தேய்ந்து அதன் இரும்பு முதுகு டிஸ்க்கில் படத் தொடங்கியிருந்தது.

ஏன் அப்படி என்றால், பேடுகளைப் பிடித்திருக்கிற கவ்வியான காலிப்பர், இரண்டு இரும்புப் பின்களின் மேல் வழுக்கி நகர வேண்டும். பிஸ்டன் இருப்பது உள்பக்கம். அது உள்பேடைத் தள்ள, அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் நகர்ந்து வெளிப்பேடை இழுத்து அழுத்தும். பின்னுக்கு மேல் இருக்கிற ரப்பர் உறை கிழிந்து ஈரம் புகுந்துவிட்டால் பின் துருப்பிடித்து இறுகிவிடும். அப்போது வேலையெல்லாம் உள்பேடுக்குத்தான், பிரேக்கை விட்ட பிறகும் அது டிஸ்க்கை விடாது. பனியும் மழையுமாக இருக்கிற நம் மலைகளில் இது எந்த வண்டிக்கும் வரலாம். மேட்டுப்பாளையத்திலேயே பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸ் போட்டு, புது உறை மாட்டி, பேடை இரண்டு முன் சக்கரத்துக்கும் ஜோடியாக மாற்றச் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருந்தது. அளந்து பார்த்தோம், இன்னும் மிச்சம் இருந்ததால் மாற்றவில்லை. பேரிங்கில் ஒரு குறையும் இல்லை.

நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சத்தம் ஒரு தொல்லை, நமக்கு அப்படி விட முடியாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம், 14 கொண்டை ஊசி வளைவு. ஆயிரம் கிலோ வண்டி அவ்வளவு இறங்கும்போது வெளியாகிற சக்தியைக் கணக்குப் போட்டேன், பழைய பிசிக்ஸ் டீச்சர் பழக்கம். 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். கியரைக் குறைத்து இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பிரேக்கிலேயே இறங்கினால் எல்லாம் டிஸ்க்குக்கும் பேடுக்கும்தான் போகும். டாட் 3 என்கிற வகை பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரி வரை கொதிக்காது, ஆனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி அந்த எல்லை 140 டிகிரிக்குக்கூட இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்று என்று உன்னிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். மாற்றினாயா? நம் மலை ரயிலைப் பார், இறங்கும்போது ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் நின்று கையால் பிரேக் பிடிக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் ஓடுகிறது. அந்த ஜாக்கிரதையில் பாதியாவது நம் வண்டிக்கும் வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றும்போது தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள். சமதளத்தில் மட்டும் ஜாக்கி போடு, சரிவில் வேண்டவே வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடு. முன் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க நியூட்ரலில் வைக்க வேண்டியிருக்கும், அதனால் இந்த முட்டு அவசியம். நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு அப்புறம் தூக்கு. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போடு, ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல் நிற்கும். யாரும் அடியில் கையையோ காலையோ நீட்டக் கூடாது. டிஸ்க் நன்றாக ஆறிய பிறகு, தகட்டை விரலால் டிஸ்க்கிலிருந்து லேசாக விலக்கினால் கல் விழும். வளைந்த தகட்டையும் அப்படியே கையால் நிமிர்த்திவிடலாம். டிஸ்க்கில் கல் வட்டமாகக் கோடு போட்டிருக்கும், மெல்லிய கோடு என்றால் பயமில்லை. நகம் சிக்குகிற அளவுக்குப் பள்ளம் என்றால் மெக்கானிக்கிடம் காட்டு. அதோடு இரண்டு பேடையும் பார், உள்பக்கத்ததைக் கட்டாயம் பார். மூன்று மில்லிமீட்டர் கூட இல்லை என்றால் மாற்றிவிட வேண்டும். பிரேக் தூசியை வாயால் ஊதாதே, ஈரத் துணியால் துடை. திரும்ப மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்கு, ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தரம் இறுக்கிப் பார்.

பொங்கலுக்கு நீ இங்கே வருவதாகச் சொன்னதை நான் மறக்கவில்லை. மகளும் பேரனோடு வருகிறாள். மழை நின்றிருந்தால் சிம்ஸ் பூங்காவுக்குப் போகலாம், உன் காலுக்கு ஏற்ற மாதிரி மெதுவாக நடக்கலாம். வரும்போது உன் தோட்டத்து மிளகு கொஞ்சம் கொண்டு வா. இங்கே கடையில் வாங்குவதில் அந்தக் காரம் இல்லை.

கல் விழுந்ததா என்று உடனே எழுது. விழவும் இல்லை, கழற்றிப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை என்றால், அந்த வண்டியைத் தாண்டிக்குடியிலிருந்து கீழே இறக்காதே. பட்டிவீரன்பட்டியிலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ மெக்கானிக்கை மேலே கூட்டி வரச் சொல்லி, அவர் கழற்றும்போது நீயும் கூட நின்று பார். நீ பஸ்ஸில் இறங்கு.

அன்புடன்,
வசந்தா