கதை எழுதக் கற்றுக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

என் முதல் சிறுகதைத் தொகுப்பு போன வாரம் அச்சாகி வந்துவிட்டது. அதில் நன்றி சொல்லப் பதிப்பகத்தார் எனக்குக் கொடுத்தது அரைப் பக்கம். பெயர்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற பகுதி மாதிரி இருந்தது. யார் என்ன செய்தார்கள் என்று ஒன்றும் அதில் தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பெயர் போடாதே என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் இங்கே யார் பெயரும் இல்லை. உங்களைத்தான் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எழுத்தாளர்கள் பெயரை மட்டும் சொல்லியாக வேண்டும். அவர்களும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்தான், நேரில் பார்த்ததில்லை என்றாலும்.

நூலகர் அக்கா, முதலில் உங்களுக்கு. ஆளுக்கொரு கதையாகப் பொறுக்கிப் படித்துக்கொண்டிருந்த என்னிடம், "ஒரே ஆளை எடுத்து முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படி, தாவாத" என்றீர்கள். சொன்னதோடு நிற்காமல் புதுமைப்பித்தன் கதைகளின் செம்பதிப்பைக் கையில் கொடுத்தீர்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் காலச்சுவடு வெளியிட்ட தடிப் புத்தகம் அது. கதைகள் வெளிவந்த கால வரிசையில் இருக்கும். பின்னால் பாடவேறுபாடுகளும் உண்டு. பத்திரிகையில் ஒரு மாதிரியும் நூலில் வேறு மாதிரியும் அச்சான இடங்களை அதில் பார்க்கலாம். அந்தப் பின்னிணைப்பை ஆராய்ச்சி மாணவர்களுக்கு உரியது என்று புரட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் வகுப்பறை. ஒரு சொல் போய் இன்னொன்று வந்திருக்கும் இடத்தில் கை வைத்து, ஏன் வந்தது என்று யோசித்துக்கொண்டே பொழுது போகும்.

'செல்லம்மாள்' கதை முதல் வரியிலேயே செல்லம்மாள் இறந்துபோகிறாள். முடிவை முன்னாலேயே சொல்லிவிட்டு, அப்புறம் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தியின் இருட்டு வீட்டுக்குள் நம்மை உட்கார வைக்கிறார். என்ன ஆகப்போகிறதோ என்ற பதைப்பு இல்லாததால், பிரமநாயகம் பிள்ளை மனைவிக்குச் செய்கிற ஒவ்வொரு சின்ன வேலையையும் நிதானமாகப் பார்க்க முடிகிறது. என் தொகுப்பின் இரண்டாவது கதை எப்படித் தொடங்குகிறது என்று பார்த்தவர்களுக்கு இந்தக் கடன் எங்கிருந்து வந்தது என்று புரிந்திருக்கும்.

ஐயா, அடுத்தது நீங்கள். பணி ஓய்வுக்குப் பிறகும் திண்ணையை வகுப்பாக வைத்திருக்கிறவர் நீங்கள். எழுத்துப் பயிற்சி என்று நான் கேட்டபோது, தினமும் இத்தனை பக்கம் எழுது என்பது போன்ற அறிவுரை எதுவும் சொல்லவில்லை. (அந்த வகை அறிவுரைகளில் எனக்கு இன்றுவரை நம்பிக்கை இல்லை. எதை எழுதுவது என்று தெரியாதவருக்குப் பக்கக் கணக்கு எதற்கு?) ஒரு நோட்டைக் கொடுத்து, அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையைக் கையால் எழுதிக்கொண்டு வரச் சொன்னீர்கள். எழுதிக்கொண்டு வந்தேன். புத்தகத்தை மூடிவிட்டு, "புலி எப்ப வருது?" என்று கேட்டீர்கள்.

கண்ணால் படித்தபோது புலிதான் மனதில் நின்றது. கையால் எழுதும்போதுதான் தெரிந்தது, புலி வருவதற்கு முன் எவ்வளவு நேரம் நாம் ஒரு சினிமாக் கம்பெனியின் கதை இலாகாவில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்று. வேலை இல்லாத ஆபீஸ், நேரத்தைத் தள்ளுகிற ஆட்கள். வாய்ப்புக் கேட்டு வருகிற காதர் பார்வைக்கு யாரோ ஒருவன். அவன் புலித்தலையை மாட்டிக்கொண்டதும் அந்த அறையே மாறிவிடுகிறது. ஆட்டம் முடிந்ததும் மறுபடி மனிதனாகி, கெஞ்சுகிறவனாகி, நிற்கிறான். பின்னால் அவனுக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. ஆபீஸ் அத்தனை மந்தமாக இருந்ததால்தான் புலி அப்படிப் பாய்ந்தது. சொல்கிறவர் 'நான்' என்று ஒதுங்காமல் பெரும்பாலும் 'நாங்கள்' என்றே பேசுவதையும் நீங்கள்தான் காட்டினீர்கள். காதருக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போனதில் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் பங்கு உண்டு.

அசோகமித்திரன் பத்தாண்டுக்கு மேல் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிற எனக்கு இது பெரிய தைரியம் கொடுத்தது. சம்பளம் வாங்குகிற இடத்தைப் பழி தீர்க்காமலும் பாராட்டாமலும் எழுதலாம் என்று அவரிடம்தான் பார்த்தேன்.

அப்புறம் நோட்டுகள் கூடிக்கொண்டே போயின. கு.ப. ராஜகோபாலனின் 'விடியுமா?' கதையில் ஒரு தந்தி, ஒரு ராத்திரி, ஒரு ரயில். கும்பகோணத்திலிருந்து சென்னை போய்ச் சேரும் வரை அக்காவும் தம்பியும் நினைப்பதும் பேசுவதும்தான் கதை. தி. ஜானகிராமனின் 'பாயசம்' கதையில் சாமநாது கல்யாண வீட்டுப் பாயசத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, எலி விழுந்து கிடந்தது என்கிறார். அந்தக் கிழவரை வெறுக்க விடமாட்டார் ஜானகிராமன். கூடவே நிற்க வைத்து, மகளின் பார்வையை நாமும் வாங்கிக்கொள்ளும்படி செய்துவிடுவார். எழுத்தாளர் மௌனியின் கதையை மட்டும் எழுதி முடிக்காமல் பாதியில் திருப்பிக் கொடுத்தேன். எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் கொஞ்சம் வாடியது.

மதிய இடைவேளையில் கதை கேட்ட மதினிமார், அக்காமார் அனைவருக்கும் நன்றி. நான் எழுதியதைப் படித்துக் காட்டினால், "எந்த மதினி இப்படிப் பேசுவா? பேப்பர் மாதிரில்லா இருக்கு" என்று முகத்துக்கு நேராகச் சொல்வீர்கள். என் கதைகளில் உரையாடல் நன்றாக இருப்பதாக யாராவது சொன்னால் அந்தப் பாராட்டு உங்களுக்கு வர வேண்டியது.

ஒரு நாள் என் கதைக்குப் பதிலாக கி.ரா. என்கிற கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையைப் படித்தேன். கதவில் தொற்றிக்கொண்டு பிள்ளைகள் பஸ் ஆட்டம் ஆடுவதும், லட்சுமி கண்டெடுத்த தீப்பெட்டிப் படத்தை அதில் ஒட்டுவதும் வந்ததும் சிரிப்பு தாங்கவில்லை. படத்தில் இருப்பது தொப்பி போட்ட நாய். அது எந்தக் கம்பெனி லேபிள் என்று ஒரு பட்டிமன்றமே நடந்தது. தீர்வை கட்டவில்லை என்று அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிற இடம் வந்தபோது பெட்டியில் குச்சி அடைத்துக்கொண்டிருந்த கைகள்கூட நின்றுவிட்டன. வறுமை என்று ஒரு வார்த்தை சொல்லி அழ வைக்கப் பார்க்கவில்லை அவர். பிள்ளைகளுக்கு அந்தக் கதவு என்னவாக இருந்தது என்று மட்டும் காட்டினார். நீங்கள் கேட்டவிதத்தைப் பார்த்துத்தான் எனக்கு அது விளங்கியது. தனியாகப் படித்திருந்தால் விளங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெருமையையும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற இடைசெவலில்தான் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்தார்கள். இருவரும் பிறந்தது ஒரே ஆண்டு, 1923. அழகிரிசாமி சென்னை, மலாயா என்று பத்திரிகை வேலைக்குப் போனார். கி.ரா. விவசாயம் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தார். முப்பது வயது தாண்டித்தான் கதை எழுத வந்தார். நானும் தாமதமாகத் தொடங்கியவள் என்பதால் இதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அழகிரிசாமி அவருக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே இருக்கின்றன. இசையும் இலக்கியமும் வீட்டுக் கவலையும் கலந்து கிடக்கும். எழுதக் கற்றுக்கொள்ள நினைக்கிற பிள்ளைகள் யாராவது கேட்டால், கதை எழுதுவது எப்படி என்கிற நூல்களை விட்டுவிட்டு இதைப் படியுங்கள் என்பேன்.

பதிப்பாசிரியர் அண்ணனுக்கு. கைப்பிரதியின் ஓரத்தில் பென்சிலால் நீங்கள் கேட்ட கேள்விகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன். "இந்த வரி யாருக்காக?" என்பது அதிகம் வந்த கேள்வி. ஒரு கதையின் கடைசிப் பக்கத்தில் கேள்வி எதுவும் எழுதாமல், "ராஜா வந்திருக்கிறார் எப்படி முடியுது பாருங்க" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். அழகிரிசாமியின் கதைதான். தாயம்மாள் வீட்டில் ஒரு அநாதைப் பையன் வந்து சேர்கிறான், பெயர் ராஜா. பணக்கார வீட்டுக்கு நிஜமாகவே ராஜா ஒருவர் விருந்தாளியாக வந்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று சிறுமி மங்கம்மாள் போய்ச் சொல்கிறாள். கதாசிரியர் பக்கத்தில் நின்று விளக்கவில்லை. அதைத் திரும்பப் படித்துவிட்டு வந்து என் கதையின் கடைசிப் பத்தியை எடுத்தேன். நீங்கள் எடுக்கச் சொல்லியிருந்தால் ஒருவேளை சண்டை போட்டிருப்பேன்.

அம்பைக்கும் இங்கே ஒரு வணக்கம். 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' படிக்கும் வரை சமையலறையின் அமைப்பெல்லாம் கதைக்கு உரிய விஷயம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சமையலறையை ஒட்டிய வராந்தாவை அகலப்படுத்தலாமே என்று மருமகள் வாய் திறந்து கேட்பது ஒரு குடும்பத்தையே அசைத்துவிடுகிறது.

வீட்டாருக்குச் சுருக்கமாக: இரவில் விளக்கை அணைக்கச் சொல்லாத அவருக்கும், கதை எழுதுகிறாள் என்று சொல்லாமல் "கணக்கு எழுதுதா" என்று அக்கம்பக்கத்தில் சமாளித்த அத்தைக்கும் நன்றி. அத்தை, இனிமேல் சொல்லலாம்.

மெய்ப்புப் பார்த்துக் கொடுத்த தோழி, ஒற்றுப் பிழை ஒன்றுகூட மிஞ்சவில்லை. உனக்குக் கடலைமிட்டாய் பார்சல் அனுப்பியிருக்கிறேன்.

நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுத்திருக்கிறேன். விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் அங்கே எடுத்துப் படிக்கலாம். மதினிமாருக்கு ஆபீசிலேயே ஒரு பிரதி இருக்கும், முறை வைத்துக்கொள்ளுங்கள். ஐயா, உங்களுடைய ஜானகிராமன் தொகுப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் புது நோட்டோடு கொண்டு வருகிறேன். மௌனியை எடுத்து வையுங்கள், இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கெழுத்துக்காரி,
கோவில்பட்டி