இடையன்குடி மக்களுக்கு நன்றி

அன்பார்ந்த ஊர்மக்களுக்கு வணக்கம்.

மிஷனரியும் தமிழறிஞருமான கால்டுவெல் ஐயர் குடியிருந்த வீட்டைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்துக்காக எழுதத் தொடங்கிய கட்டுரை முடிந்துவிட்டது. நீங்கள் வாய்திறந்து பேசியிருக்காவிட்டால் அது பாதியில் நின்றிருக்கும்.

2011இல் அரசு நினைவில்லமாக்கிய அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு முதல் நன்றி. பூட்டும் நேரம் தாண்டியும் அவசரப்படுத்தாமல் அறை அறையாக நின்று பார்க்க விட்டார். 1841 கடைசியில் இந்தச் செம்மணல் தேரிக்காட்டுக்கு வந்த ஐயர் நாற்பது ஆண்டுக்கு மேல் இங்கே இருந்தார். 1856இல் லண்டனில் அச்சேறிய அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்குப் பின்னால் உங்கள் ஊர்த் தெருக்களில் அவர் கேட்டுப் பழகிய தமிழும் இருக்கிறது.

தேவாலயத்தைச் சுற்றிக் காட்டிய கோயில்பிள்ளை அண்ணாச்சிக்கும் நன்றி. 1847இல் ஐயர் கட்டத் தொடங்கிய அந்த ஆலயம் 1880இல்தான் பிரதிஷ்டையானது. சன்னல் வளைவுகளை ஐயரே களிமண்ணில் செய்து கொத்தனார்களுக்குக் காட்டினாராம். அதைச் சொல்லும்போது அண்ணாச்சியின் விரல் கல்லின் வளைவோடு மேலே போய் இறங்கியது.

அப்புறம், கருப்பட்டிக் காப்பி கொடுத்து உட்காரவைத்த பாட்டி. அவருடைய பாட்டி பின்னிய லேஸ் துண்டைத் துணிச்சுருளிலிருந்து எடுத்துக் காட்டினார். திண்டில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்களாம். ஒரு பூவிதழ் முடியவே பொழுது போய்விடுமாம். இந்த வேலையை ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஐயரின் மனைவி எலிசா. நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். சிறுவயதிலிருந்தே தமிழ் கேட்டு வளர்ந்தவர். 1844இல் மணமாகி இந்த வீட்டுக்கு வந்து, பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளியும் நடத்தினார். வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. இந்த ஊரில் பல வீடுகளுக்குக் கூலிக்காசும் எழுத்தும் கொண்டுவந்தவர் அவர். என் கட்டுரையில் பாதி அவரைப் பற்றியதுதான். ஐயரைப் போலவே அவரும் இதே ஆலயத்தில் துயில்கிறார்.

பழைய நூல்களை இரவல் தந்த திருநெல்வேலி நண்பருக்கும், படங்கள் எடுத்துத் தந்த தம்பிக்கும் நன்றி.

கட்டுரையின் படிகளைப் பள்ளிக்கும் ஆலயப் போதகரான சேகரகுரு ஐயாவுக்கும் அனுப்பியிருக்கிறேன். பாட்டி, உங்களுக்குப் பெரிய எழுத்தில் ஒரு படி தனியாக வருகிறது. லேஸ் பற்றி எழுதியதில் ஏதாவது திருத்த வேண்டுமென்றால் பேத்தியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
தூத்துக்குடியிலிருந்து உங்கள் வாசகர்