கட்டு போன இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

முன்னாள் எம்.எல்.ஏ., எம்.பி.க்கள் மீதான வழக்குகள் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போனால் சீக்கிரம் முடியும் என்கிறார்கள். சரி. ஆனால் எந்த கோர்ட் என்பது முதலிலேயே தெளிவாக வேண்டுமே.

மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் அந்துலே வழக்கு ஞாபகம் வருகிறது. பதவியில் இருந்தபோது செய்ததாகச் சொல்லப்பட்ட ஊழல். பதவி விலகிவிட்டதால் வழக்குத் தொடர முன் அனுமதி தேவையில்லை என்ற உச்ச நீதிமன்றம், 1984-ல் விசாரணையைப் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. 1988-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஊழல் வழக்குகளுக்கென உள்ள சிறப்பு நீதிபதி மட்டுமே விசாரிக்க முடியும், மாற்றியதே தவறு என்றது. நான்கு வருடம் போயிற்று.

வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வழக்குக் கட்டு கோர்ட் மாறினால் நாடாவை அவிழ்த்து, பக்கங்களைச் சரிபார்த்து, புது நம்பர் வாங்கி, மறுபடி சம்மன் அனுப்ப வேண்டும். அதற்குள் சாட்சி வீடு மாறியிருப்பார்.

மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டிய வழக்கு மாஜிஸ்திரேட் நிலைச் சிறப்பு கோர்ட்டுக்கே போகட்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது நல்லதுதான். மேல்நிலையிலுள்ள செஷன்ஸ் கோர்ட்டே விசாரித்துவிட்டால், அங்கே செய்யக்கூடிய ஒரு அப்பீல் பறிபோகும்.

அப்புறம், 2018 திருத்தம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, பதவியில் இருந்தபோது செய்ததற்காக, பதவி போனவர் மீது வழக்குத் தொடரவும் இப்போது முன் அனுமதி வேண்டும். இதைப் பற்றி எந்தக் கட்சி மேடையிலும் பேச்சைக் காணோம்.

- ஒரு வாசகர், மதுரை