வூ அம்மையாரின் கைவேலையை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீன-அமெரிக்க இயற்பியலாளர் சியென்-ஷியுங் வூ பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அவரைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. அதற்காக முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் முற்பாதி அவரை அணுகுண்டு செய்தவர் என்கிறது. பிற்பாதி நோபல் கிடைக்காதவர் என்கிறது. இரண்டுக்கும் நடுவே அவர் ஆய்வகத்தில் என்னதான் செய்தார் என்பது ஒரு வரிகூட இல்லை. அதை எழுதாமல் அவரது பெருமையை வாசகருக்கு எப்படிப் புரியவைக்க முடியும்?

முதலில் போர்க்கால வேலை. வூ குண்டை வடிவமைக்கவில்லை. 1912-இல் ஷாங்காய்க்கு அருகே லியூஹே என்ற சிற்றூரில் பிறந்து, நான்ஜிங்கில் படித்து, 1936-இல் கப்பலேறி அமெரிக்கா போனவர் அவர். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இயற்பியலாளர் எமிலியோ செக்ரேயுடன் சேர்ந்து, யுரேனியம் பிளவுபடும்போது உண்டாகும் கதிரியக்க செனான் வாயுவின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறை கொண்ட வகைகளை) ஆராய்ந்தார். 1940-இல் அவர் வாங்கிய முனைவர் பட்டத்தில் ஒரு பகுதி இந்த ஆய்வுதான். 1944 மார்ச்சில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த மன்ஹாட்டன் திட்ட (அமெரிக்கா அணுகுண்டு செய்த ரகசியத் திட்டம்) ஆய்வகத்தில் சேர்ந்தார். யுரேனியத்தை வாயு நிலையில் பிரித்தெடுக்கும் பணி நடந்த இடம் அது. அங்கே அவர் பொறுப்பில் இருந்தவை கதிர்வீச்சை அளக்கும் கருவிகள்.

அந்த ஆண்டு செப்டம்பர் 26 இரவு, வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் 'பி' அணு உலை இயங்கத் தொடங்கியது. 250 மெகாவாட்டுக்குக் கட்டிய உலை, 9 மெகாவாட் வரை ஏறியது. சில மணி நேரத்தில் திறன் தானாகவே இறங்கத் தொடங்கியது. நியூட்ரான்களை உறிஞ்சி உலையை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை வெளியே இழுத்துக்கொண்டே போனார்கள். ஆனாலும் 27-ஆம் தேதி மாலைக்குள் உலை முற்றிலும் நின்றுபோனது. குழாயில் நீர் கசிந்ததோ என்று தேடினார்கள். கசிவு எதுவும் இல்லை. மறுநாள் உலை மெல்லத் தானே உயிர்பெற்றது, பிறகு மறுபடி சரிந்தது. இந்த ஏற்ற இறக்கத்தின் நேரக்கணக்கே துப்பு. சில மணி நேர அரை ஆயுள் (பாதி சிதைந்துபோக ஆகும் நேரம்) கொண்ட ஏதோ ஒன்று உள்ளே உருவாகி, உலையை ஓட்டும் நியூட்ரான்களைத் தின்கிறது, பிறகு தானே சிதைந்து விலகுகிறது என்று அங்கிருந்த இயற்பியலாளர் ஜான் வீலர் கணித்தார்.

அது செனான்-135. யுரேனியம் பிளவில் நூற்றுக்கு ஆறு தடவைக்கு மேல் 135 என்ற நிறை எண் கொண்ட துண்டு கிடைக்கிறது. பெரும்பாலும் அது விரைவிலேயே அயோடின்-135 ஆகிவிடும். 6.6 மணி நேர அரை ஆயுளில் அது செனானாக மாறும்; செனானின் அரை ஆயுள் 9.1 மணி நேரம். இந்தச் செனான் நியூட்ரானை விழுங்கும் திறன் ஏறத்தாழ 26 லட்சம் பார்ன் (அந்தத் திறனை அளக்கும் அலகு). கட்டுப்பாட்டுத் தண்டுகளில் பயன்படும் காட்மியத்துக்கு அது சுமார் 2,500 பார்ன்தான். அதாவது காட்மியத்தைவிட ஆயிரம் மடங்கு பசி. உலை தானே உண்டாக்கிய நஞ்சு அதையே நிறுத்தியது. செனான் ஐசோடோப்புகளைப் பற்றி வூவும் செக்ரேயும் எழுதிய ஆய்வு அப்போது அச்சில் வரவில்லை, 1945-இல்தான் வெளியானது. உலைக்குழுவினர் வூவின் அளவீடுகளைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தினார்கள். போர்க்காலத்தில் அவருடைய முக்கியமான பங்களிப்பு இதுதான்.

தீர்வு உலையிலேயே காத்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். இயற்பியலாளர்கள் 1,500 எரிபொருள் குழாய்கள் போதும் என்றார்கள். டூபாண்ட் நிறுவனப் பொறியாளர்கள் முன்னெச்சரிக்கையாக மேலும் 504 துளைகளைச் சேர்த்து 2,004 ஆக்கியிருந்தார்கள். அவற்றிலும் யுரேனியத்தை நிரப்பியதும் செனான் தின்றது போக மிச்சம் நியூட்ரான் இருந்தது, உலை ஓடியது.

போருக்குப் பின் அவர் எடுத்துக்கொண்டது பீட்டா சிதைவு, அதாவது அணுக்கரு எலெக்ட்ரானை வீசிச் சிதைவது. எனக்கு அவருடைய வேலைகளில் மிகவும் பிடித்தது இதுவே. இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி 1934-இல் தந்த கொள்கைப்படி வரவேண்டியதைவிட மெதுவான எலெக்ட்ரான்கள் அதிகமாக வருவதாகப் பலர் அளந்திருந்தார்கள். கொள்கை தவறு என்று மாற்றுக் கொள்கைகளும் எழுந்தன. வூ கோளாறைக் கதிர்மூலத்தில், அதாவது எலெக்ட்ரான்களை வீசும் பொருளில், தேடினார். மூலம் தடித்தும் மேடுபள்ளமாகவும் இருந்தால், வேகமான எலெக்ட்ரானும் வெளியே வருமுன் மூலத்துக்குள்ளேயே ஆற்றலை இழந்து, மெதுவான எலெக்ட்ரானாகக் கணக்கில் சேர்ந்துவிடும். தாமிர சல்பேட் கரைசலைத் துளியாக விட்டுக் காயவைத்தால் பெரிய பெரிய படிகங்களாகத் திரளும். அவர் அந்தக் கரைசலில் சிறிது டிடர்ஜென்ட் சேர்த்தார். பரப்பு இழுவிசை குறைந்து, கரைசல் சீராகப் பரவி மெல்லிய படலமாகக் காய்ந்தது. கதிரியக்கத் தாமிரமான தாமிரம்-64 கொண்ட அந்தப் படலத்திலிருந்து வந்த எலெக்ட்ரான்கள் ஃபெர்மி சொன்ன வளைவிலேயே விழுந்தன. பதினைந்து ஆண்டுக் குழப்பம் தீர்ந்தது.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான், 1956-இல் கொள்கை இயற்பியலாளர் சுங்-டாவ் லீ ஏன் அவரிடம் போனார் என்பது விளங்கும். லீயும் அவருடன் சேர்ந்து எழுதிய சென்-நிங் யாங்கும் இடவலச் சமச்சீர் (ஒரு நிகழ்வும் அதன் கண்ணாடிப் பிம்பமும் ஒரே விதிப்படி நடப்பது) உடைகிறது என்று நிறுவிவிட்டதாகவும், வூ அதைச் சரிபார்த்ததாகவும் தங்கள் கட்டுரை சொல்வது சரியல்ல. பீட்டா சிதைவுக்குக் காரணமான வலுவற்ற விசையில் அந்தச் சமச்சீர் இருப்பதற்கு யாரும் சான்று காட்டவில்லை, சோதித்துப் பாருங்கள் என்பதே அவர்கள் கட்டுரையின் சாரம். கோபால்ட்-60 அணுக்கருக்களைக் குளிரில் ஒரே திசையில் சுழலவைத்துப் பார்க்கலாம் என்ற வழி வூவுடையது. சுழற்சி அச்சின் இரு முனைகளிலும் எலெக்ட்ரான்கள் சமமாக வந்தால் சமச்சீர் உண்டு. ஒரு பக்கம் கூடினால் இல்லை.

சொல்ல எளிது. அணுக்கருவின் காந்தம் எலெக்ட்ரானுடையதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பலவீனமானது. சிறு வெப்பமும் அதன் வரிசையைக் கலைத்துவிடும். ஆகவே மிகத் தாழ்ந்த வெப்பநிலையான பூஜ்ய கெல்வினுக்கு மேல், ஒரு கெல்வினில் நூறில் ஒரு பங்கு அளவுக்குக் குளிர் வேண்டும். அந்த வசதி வாஷிங்டன் நகரத்துத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் எர்னஸ்ட் ஆம்ப்ளரிடம் இருந்தது. சீரியம் மெக்னீசியம் நைட்ரேட் என்ற உப்புப் படிகத்தின் மேல் கோபால்ட் கலந்த மெல்லிய படலத்தை வளர்த்தார்கள். திரவ ஹீலியத்தால் குளிர்வித்து, கிடைமட்டக் காந்தப்புலத்தில் வைத்து, பிறகு புலத்தை நீக்கினால் உப்பு மேலும் குளிரும். உடனே காந்தத்தை விலக்கி, செங்குத்துக் கம்பிச்சுருளை உயர்த்தி அணுக்கருக்களைத் திருப்ப வேண்டும். இதற்கு 20 வினாடி. அந்தச் செங்குத்துத் திசையில் இந்த உப்பு புலத்துக்கு மிகக் குறைவாகவே இசைகிறது. அதனால் மறுபடி சூடேறாது. வேறு உப்பு ஏன் உதவாது என்பதற்கு இதுவே காரணம்.

எலெக்ட்ரானால் குளிர்கலத்தின் சுவரைத் தாண்ட முடியாது. எனவே எலெக்ட்ரான் பட்டால் ஒளிரும் அந்த்ரசீன் படிகத்தை உள்ளேயே, மூலத்துக்கு 2 சென்டிமீட்டர் மேலே வைத்தார்கள். அதில் தோன்றும் ஒளிக்கீற்றை 4 அடி நீள அக்ரிலிக் தண்டு மேலே இருந்த ஒளிப்பெருக்கிக் குழலுக்குக் கொண்டுபோனது. கோபால்ட் வீசும் காமா கதிர்களைப் பக்கவாட்டிலும் முனையருகிலும் வைத்த இரண்டு எண்ணிகள் அளந்தன. கருக்கள் எவ்வளவு வரிசைப்பட்டுள்ளன என்பதை அந்த இரண்டு எண்ணிக்கைகளின் வேறுபாடே காட்டியது.

முதல் முயற்சியில் வரிசை சில வினாடிகளில் கலைந்தது. மேற்பரப்பு சூடாவதுதான் காரணம் என்று கண்டு, அதே உப்பின் பெரிய படிகங்களால் மூலத்தைச் சுற்றி ஓர் அறை அமைத்தார்கள். அந்தப் படிகங்களை வளர்ப்பதே பெரும்பாடு. துளையிட்டால் விரிசல் விட்டது. ஒட்டிய பசை கடுங்குளிரில் பிடி விட்டது, அறை சரிந்தது. மெல்லிய நூலால் கட்டி நிறுத்தினார்கள். அதன் பிறகு சில நிமிடங்களுக்கு விளைவு தெளிவாக நின்றது. எலெக்ட்ரான்கள் சுழற்சித் திசைக்கு எதிர்ப்பக்கமே அதிகம் வந்தன. புலத்தைத் திருப்பினால் எண்ணிக்கையும் திரும்பியது. படிகம் சூடேறக் காமா வேறுபாடும் எலெக்ட்ரான் வேறுபாடும் ஒன்றாகவே மறைந்தன. உப்பில் மிஞ்சிய காந்தம் எலெக்ட்ரான்களை வளைத்திருக்குமோ என்ற ஐயத்தையும் தனியே சோதித்துத் தீர்த்துக்கொண்டார்கள். 1957 ஜனவரி 15 அன்று கொலம்பியாவில் முடிவை அறிவித்தார்கள்.

அவ்வாண்டு நோபல் பரிசு லீக்கும் யாங்குக்கும் போனது. வூவை விட்டது அநீதி என்பதே என் கருத்தும். 1978-இல் இயற்பியலுக்கான முதல் வுல்ஃப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1997-இல் நியூயார்க்கில் காலமானார்.

திருத்தம் வெளியிடும்போது இரண்டு செய்திகளைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, ஆய்வுக் கட்டுரையில் வூவுடன் கையெழுத்திட்ட ஆம்ப்ளர், ஹேவர்டு, ஹாப்ஸ், ஹட்சன் ஆகிய நால்வரின் பெயர்கள். இரண்டு, ஹான்ஃபோர்டு உலையும் செனானும். தாங்கள் அணுகுண்டு என்று எழுதிய இடத்தில் வரவேண்டியது அதுவே.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்